விவாகரத்துக்குப் பிறகு டிரஸ்ட் சொத்துத் தகராறு: குடும்ப நல நீதிமன்றமா, சிவில் கோர்ட்டா?

கேள்வி: எனக்கு 2010-ல் திருமணம். 2016-ல் என் மாமனார் திருச்சியில் உள்ள தன் வீட்டை எங்கள் மகளின் படிப்புக்காகவும் எதிர்காலத்துக்காகவும் ஒரு தனியார் டிரஸ்டாகப் பதிவு செய்தார். நானும் என் கணவரும் டிரஸ்டிகள். மகள் மட்டுமே பயனாளி; இப்போது அவளுக்கு 13 வயது. 2018-ல் என் நகைகளை விற்று 12 லட்சம் ரூபாய் கொடுத்தேன். அந்த வீட்டின் மாடி அந்தப் பணத்தில்தான் கட்டப்பட்டது. மாமனார் 2021-ல் காலமானார். 2023-ல் சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. அந்த மனுவில் டிரஸ்ட் பற்றி ஒரு வரி இல்லை. 'இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று மட்டும் இருக்கிறது. மாத வாடகை 28,000 ரூபாய் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகிறது. இப்போது வீட்டை விற்கப் பார்க்கிறார். கேட்டால், 'விவாகரத்தோடு நீ டிரஸ்டி இல்லை' என்கிறார். டிரஸ்ட் பத்திரத்தில் விற்பனை பற்றி எதுவும் இல்லை. தகராறு வந்தால் மத்தியஸ்தரிடம் (ஆர்பிட்ரேட்டர்) போக வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் குடும்ப நல நீதிமன்றம் என்கிறார், இன்னொருவர் சிவில் கோர்ட் என்கிறார். நானும் மகளும் சென்னையில் இருக்கிறோம். எங்கே போவது?

பதில்: இரண்டு வழக்கறிஞர்களும் பாதிப் பாதி சரி. உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு வழக்கு அல்ல, இரண்டு. வீடும் வாடகையும் டிரஸ்ட் சம்பந்தப்பட்டவை. அவை திருச்சி சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 12 லட்சம் உங்களுக்கும் உங்கள் முன்னாள் கணவருக்கும் இடையிலான கணக்கு. அதைக் கேட்பதானால் இடம் குடும்ப நல நீதிமன்றம். இரண்டையும் ஒரே பிராதில் (வழக்கு மனுவில்) போட்டுக் குழப்பினால் எதிர்த்தரப்புக்கு ஒரு வருடம் இலவசமாகக் கிடைக்கும்.

முதலில் குடும்ப நல நீதிமன்றத்தின் எல்லை. 1984-ம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தின் 7-வது பிரிவுக்கான விளக்கத்தில் (இ) என்ற உட்பிரிவு, 'திருமணத் தரப்பினருக்கு இடையே, அவர்கள் இருவரின் அல்லது ஒருவரின் சொத்து பற்றிய' வழக்குகளை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. விவாகரத்து ஆகிவிட்டதால் இனி 'திருமணத் தரப்பினர்' இல்லை என்று வாதாடிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. விவாகரத்தானவர்களின் சொத்துத் தகராறையும் குடும்ப நல நீதிமன்றம் விசாரிக்கலாம். அந்த வழக்கின் தரப்பினர் முஸ்லிம் தம்பதியர். 7-வது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது. ஆகவே விவாகரத்து ஆனது என்பது நீதிமன்றத்தை மாற்றும் காரணமே அல்ல. சொத்து யாருடையது, நீங்கள் எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கும்.

அந்த வீடு உங்களுடையதும் அல்ல, அவருடையதும் அல்ல. மாமனார் அதை டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். பயன் முழுக்க மகளுக்கு. மகள் திருமணத் தரப்பினர் அல்ல. நீங்கள் அவரைக் கேள்வி கேட்பது முன்னாள் மனைவி என்ற முறையில் இல்லை. சக டிரஸ்டியாகவும், பயனாளியின் சார்பிலும் கேட்கிறீர்கள். ஆகவே (இ) உட்பிரிவு இதற்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பு ஒன்றைக் கிளப்பலாம்: சட்டத்தின் பார்வையில் டிரஸ்ட் சொத்தின் உரிமை டிரஸ்டிகள் பெயரில்தான் நிற்கிறது, இருவருமே டிரஸ்டிகள், எனவே இது 'தரப்பினரின் சொத்து' என்பார்கள். அந்த உரிமை பெயரளவுக்குத்தான். அதோடு ஒட்டியிருப்பது மகளுக்கான கடமை என்பது பதில். உயர் நீதிமன்றங்கள் (இ) உட்பிரிவையும், திருமண உறவிலிருந்து எழும் சூழலில் தடையாணை கேட்பது பற்றிய (ஈ) உட்பிரிவையும் எவ்வளவு விரித்துப் படிக்கலாம் என்பதில் ஒரே குரலில் பேசவில்லை. மூன்றாம் நபர்கள் உள்ளே வரும் வழக்குகளில் குறிப்பாக. அதனாலேயே சந்தேகமில்லாத கதவைத் தட்டுவது நல்லது என்பது என் கருத்து.

இதே வீட்டை உங்கள் கணவர், உங்கள் இருவரின் பணத்தில் வாங்கி, உங்களுக்குப் பங்கு கிடைக்கக் கூடாது என்று பெயருக்கு ஒரு டிரஸ்டில் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது 'டிரஸ்டே போலி, இது எங்கள் இருவரின் சொத்து' என்பது வாதமாக இருக்கும். அந்தத் தகராறு குடும்ப நல நீதிமன்றத்துக்குரியது. உங்கள் நிலை அதுவல்ல. ஓரிடத்தில் டிரஸ்ட் செல்லும் என்றும், இன்னோரிடத்தில் செல்லாது என்றும் சொல்லிவிடாதீர்கள். பிராதில் ஒரு வரி அப்படி வந்துவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை வைத்தே இரண்டு வழக்கையும் உடைப்பார்கள்.

எந்த ஊர் என்ற கேள்விக்கு வருகிறேன். விவாகரத்து கொடுத்த நீதிமன்றமே மற்ற எல்லாவற்றையும் பார்க்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. அசையாச் சொத்தின் மீதான உரிமை பற்றிய வழக்கை, சொத்து இருக்கும் எல்லைக்குள் போட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. வீடு திருச்சியில், வாடகை வசூலாவது திருச்சியில், அவர் வசிப்பதும் அங்கேதான் என்றால் உங்களுக்குத் திருச்சி தவிர வேறு வழியில்லை. சென்னையில் குடியிருக்கிறீர்கள் என்பது இதற்குப் போதாது. முன்சீப் கோர்ட்டா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்பதை வழக்கின் மதிப்பு முடிவு செய்யும். மதிப்பைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1955-ம் ஆண்டு தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 28-வது பிரிவில் டிரஸ்டிகளுக்கு இடையிலான சொத்து வழக்குகளுக்குத் தனி விதி இருக்கிறது. சாதாரண உடைமை வழக்குபோல முழுச் சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்டச் சொன்னால் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அசல் வழக்கு, அதாவது சாட்சி விசாரணையோடு நடக்கும் முழு வழக்கு, போடாமலே சில உத்தரவுகளைப் பெற 1882-ம் ஆண்டு இந்திய டிரஸ்டுகள் சட்டம் ஒரு குறுக்கு வழியையும் தருகிறது. இதற்கான இடம், சட்டத்தின் சொல்லில், 'முதன்மை உரிமையியல் நீதிமன்றம்'. திருச்சியில் அது முதன்மை மாவட்ட நீதிமன்றம். டிரஸ்ட் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்று எண் விழும். 74-வது பிரிவில் புதிய டிரஸ்டியை நியமிக்கக் கேட்கலாம். 34-வது பிரிவில் நிர்வாகம் பற்றி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். ஆனால் 34-வது பிரிவை நம்பி இந்தத் தகராறைக் கொண்டுபோகாதீர்கள். சிக்கலான, விரிவான விசாரணை தேவைப்படும் கேள்விகளுக்கு அது இல்லை என்று சட்டமே சொல்கிறது. பணத்தை எடுத்தாரா, எவ்வளவு எடுத்தார் என்பது சாட்சி வைத்துத் தீர்க்க வேண்டியது. கணக்குக் கேட்கவும், விற்பனையைத் தடுக்கவும், அவரை டிரஸ்டி பொறுப்பிலிருந்து நீக்கவும் அசல் வழக்குதான் சரியான வழி.

விவாகரத்தோடு நீங்கள் டிரஸ்டி இல்லை என்று அவர் சொல்வதில் சாரமில்லை. ஒரு டிரஸ்டியின் இடம் எப்போது காலியாகும் என்பதை டிரஸ்டுகள் சட்டத்தின் 73-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது: இறப்பு, ஆறு மாதம் தொடர்ந்து இந்தியாவில் இல்லாதது, வெளிநாட்டில் குடியேறுவது, நொடிப்பு, விலக விரும்புவது, ஏற்க மறுப்பது, தகுதியிழப்பது, டிரஸ்டுக்கு முரணான இன்னொரு டிரஸ்டை ஏற்பது. விவாகரத்து அதில் இல்லை. பத்திரத்தில் 'மனைவியாக இருக்கும் வரை' என்பது போன்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். சில பத்திரங்களில் 'என் மருமகள் என்ற முறையில்' என்று எழுதியிருப்பார்கள். அது அறிமுகமா, நிபந்தனையா என்று ஒரு வாதம் கிளம்பும்.

நீங்கள் டிரஸ்டியாக நீடிக்கும்போது அவர் தனியாக விற்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட டிரஸ்டிகள் இருந்தால் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது 48-வது பிரிவு. பத்திரம் வேறுவிதமாகச் சொன்னால் மட்டுமே விலக்கு. விற்கும் அதிகாரம் பத்திரத்தில் இல்லை என்பது இன்னொரு பூட்டு. டிரஸ்டின் நிபந்தனைகளை மாற்ற வேண்டுமானால் பயனாளியின் சம்மதம் வேண்டும். பயனாளி மைனர் என்றால் அந்தச் சம்மதத்தை 11-வது பிரிவின்படி முதன்மை உரிமையியல் நீதிமன்றம்தான் தர முடியும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் அது போதாது. வாடகையைச் சொந்தக் கணக்கில் போடுவதை 51-வது பிரிவு தடுக்கிறது: டிரஸ்ட் சொத்தைத் தன் லாபத்துக்கு டிரஸ்டி பயன்படுத்தக் கூடாது.

மத்தியஸ்தர் பிரிவைக் காட்டி அவர் இழுத்தடிக்கப் பார்த்தால் பயப்பட வேண்டாம். டிரஸ்டுகள் சட்டத்தின் கீழ் எழும் தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்ப முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. டிரஸ்ட் பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தாலும் சரி.

இனி அந்த 12 லட்சம். கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். நகை விற்ற பணம் உங்கள் சீதனம். சீதனம் மனைவியின் தனிச் சொத்து, கணவர் கையில் இருந்தாலும் அவர் அதை ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் வைத்திருக்கிறார் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்தது கடனா, ஒப்படைப்பா, டிரஸ்டுக்கு நீங்கள் விரும்பிக் கொடுத்ததா என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வழக்குகள் பிறக்கும்.

கணவரிடம் கடனாகக் கொடுத்தேன் என்றால், கோவிட் காலத்துக்காக உச்ச நீதிமன்றம் கழித்துத் தந்த நாட்களைச் சேர்த்தாலும், மூன்றாண்டுக் காலவரம்பு முடிந்திருக்கும். எழுத்தில் ஒப்புக்கொண்டு காலத்தைப் புதுப்பித்திருந்தால் ஒழிய. டிரஸ்டியாகச் செலவிட்டேன், எனக்குத் திருப்பித் தாருங்கள் என்று டிரஸ்டுகள் சட்டத்தின் 32-வது பிரிவில் கேட்கலாம். ஆனால் அந்தப் பணம் டிரஸ்ட் சொத்திலிருந்து வர வேண்டும், அதாவது மகளின் சொத்திலிருந்து. அப்படிக் கேட்ட நிமிடமே உங்கள் நலனும் மகளின் நலனும் எதிரெதிராகிவிடும். மைனருக்கு வழக்கு நண்பராக, அதாவது மைனர் சார்பில் வழக்கு நடத்துபவராக, நிற்பவருக்கு மைனருக்கு எதிரான நலன் இருக்கக் கூடாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 32, விதி 4. உங்கள் முன்னாள் கணவரின் வழக்கறிஞர் முதல் நாளே இதை எடுப்பார்: 'மகளுக்காக வந்திருக்கும் இந்த அம்மா, மகள் சொத்தில் 12 லட்சம் கேட்கிறார்.' உங்களை நீக்கி வேறு ஒருவரை நியமிக்கச் சொல்வார்; பெரும்பாலும் கிடைக்கும்.

நகையையோ பணத்தையோ கணவரிடம் ஒப்படைத்தேன், அவர் சொந்தமாக வைத்துக்கொண்டார் என்ற மூன்றாவது வடிவத்தில்தான் இந்தத் தொகைக்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் உயிர் இருக்கிறது. மாடி கட்டப்பட்டதே அந்தப் பணத்தில் என்று நீங்களே எழுதியிருப்பது இதற்குத் தடை. கட்டுமானச் செலவு 12 லட்சத்துக்கும் குறைவு, மீதி அவரிடம் நின்றது என்று வங்கிக் கணக்கு காட்டினால் அந்த மீதிக்கு வழக்கு இருக்கும். இதற்கு மேல் சம்மத விவாகரத்தில் நீங்கள் கையெழுத்திட்ட 'எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி வேறு இருக்கிறது. உங்கள் சொந்தக் கோரிக்கையை அது அநேகமாகக் கட்டுப்படுத்தும். வெளிப்படையாகச் சொன்னால், முழு 12 லட்சத்தையும் துரத்துவதற்காக வீட்டு வழக்கைப் பலவீனமாக்குவது நல்ல பேரம் அல்ல.

அதே வரி மகளைக் கட்டுப்படுத்தாது. மைனர் அந்த விவாகரத்து வழக்கில் தரப்பே இல்லை. தரப்பாக இருந்திருந்தாலும் மைனர் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி ஆணை 32, விதி 7-ன்படி தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே அவர் அந்த வரியை வீட்டு வழக்கில் காட்டினால், அது நீங்கள் உங்களுக்காக விட்டுக்கொடுத்ததற்கு மட்டும்தான் என்று பதில் சொல்லலாம்.

நீதிமன்றத்தைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப நல நீதிமன்றத்துக்கு உரிய விஷயத்தைச் சிவில் கோர்ட் தொடவே கூடாது என்கிறது 1984 சட்டத்தின் 8-வது பிரிவு. மறுபுறம், அதன் எல்லைக்கு வெளியே உள்ளதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும் குடும்ப நல நீதிமன்றம் தீர்க்க முடியாது. அதிகாரம் சம்மதத்தால் வருவதில்லை. நான்கு வருடம் நடத்தி வாங்கிய தீர்ப்பு, நிறைவேற்றும் கட்டத்தில் செல்லாது என்று விழலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால் அவ்வளவு நஷ்டமில்லை: உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 7, விதி 10-ன்படி பிராது திருப்பித் தரப்படும், சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். நல்லெண்ணத்தோடு தவறான இடத்தில் நடத்திய காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 14-வது பிரிவு கழித்துத் தரும். ஆனால் தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் பிடிவாதமாக நடத்தினால் அந்தக் கழிவு கிடைப்பது கடினம்.

காலவரம்பு பொதுவாக உங்கள் பக்கம். டிரஸ்டியின் கையில் உள்ள டிரஸ்ட் சொத்தை மீட்கவும் கணக்குக் கேட்கவும் காலவரம்பே கிடையாது என்பது காலவரம்புச் சட்டத்தின் 10-வது பிரிவு. விலை கொடுத்து வாங்கியவர் கைக்குச் சொத்து போய்விட்டால் இந்தச் சலுகை போய்விடும்; அதன்பின், விற்பனை தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டு. எனவே விற்பனைக்கு முன்பே பிடிப்பதுதான் முக்கியம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிரஸ்ட் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். 2016 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று போடுங்கள். விற்பனை ஒப்பந்தமோ, அடமானமோ, பொது அதிகாரப் பத்திரமோ பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகாத ஒப்பந்தம் தெரியாது, ஆகவே சுத்தமாக வந்த வில்லங்கச் சான்றை நம்பி உட்கார வேண்டாம். டிரஸ்டின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் சக டிரஸ்டியாக அதன் அறிக்கையைக் கேளுங்கள். குடியிருப்பவரின் வாடகை ஒப்பந்தம், வாடகை எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதற்கான ஆதாரம், விவாகரத்து மனு, சமரச உடன்படிக்கை, தீர்ப்பு நகல் இவற்றை ஒன்றாக வையுங்கள்.

பிறகு அவருக்கு ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். டிரஸ்டுகள் சட்டத்தின் 19-வது, 57-வது பிரிவுகளின்படி மகளின் சார்பில் கணக்கும் ஆவணங்களும் கேட்டு, விற்பனை முயற்சிக்கு ஆட்சேபம் தெரிவித்து, 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். சட்டம் விதித்த காலம் அல்ல அது, நடைமுறை. வாங்க வருபவர் யார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நோட்டீஸ் பெற்ற பின் வாங்கியவர், தெரியாமல் வாங்கினேன் என்று 64-வது பிரிவின் பாதுகாப்பைக் கேட்க முடியாது. முன்பணம் கைமாறிவிட்டது என்ற செய்தி வந்தால் நோட்டீஸையெல்லாம் விட்டுவிட்டு நேராக வழக்குப் போடுங்கள். சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்; அது தடையாணைக்கு மாற்று இல்லை.

வழக்கில் மகள் முதல் வாதி, வழக்கு நண்பராக நீங்கள். டிரஸ்டி என்ற தகுதியில் நீங்களே இரண்டாம் வாதி. டிரஸ்டிகள் எல்லோரும் தரப்பாக இருக்க வேண்டும் என்பது ஆணை 31, விதி 2. கூடவே ஆணை 39-ல் இடைக்காலத் தடை மனு: விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வாடகையை நீதிமன்றத்திலோ டிரஸ்ட் கணக்கிலோ கட்ட வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்தால், உத்தரவு வந்த அன்றோ மறுநாளோ மனு, பிராது, ஆவண நகல்களை அவருக்கு அனுப்பி, அனுப்பியதற்குப் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும் (விதி 3). இந்தச் சின்னக் கடமையை விட்டதற்காகவே தடை நீங்கிய வழக்குகள் உண்டு.

நடுவில் சமரசப் பேச்சு வந்தால் வரட்டும். ஆனால் வீட்டைப் பற்றிய சமரசத்தை இந்தச் சிவில் வழக்குக்குள்ளேயே, மைனருக்கான நீதிமன்ற அனுமதியோடு எழுதுங்கள். வழக்கில் இல்லாத அசையாச் சொத்தைச் சமரசத் தீர்ப்பில் சேர்த்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவுச் சட்டம் 17(2)(vi). சம்மத விவாகரத்துத் தீர்ப்புகளில் வீட்டை ஒரு வரியில் எழுதிவிட்டுப் பிறகு பட்டா மாற்றத்தில் சிக்குவது இதனால்தான்.

இது தனியார் டிரஸ்ட் என்பதால் இவ்வளவும். கணவனும் மனைவியும் சேர்ந்து பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடத்தும் பொது அறக்கட்டளை என்றால், நலன் உள்ள இருவராவது நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் வர வேண்டும். கோயில் சொத்து என்றால் 1959-ம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம், வக்பு என்றால் வக்பு தீர்ப்பாயம்.

செலவைப் பற்றிக் கவலை இருந்தால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு வழி செய்கிறது. திருச்சி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுங்கள்.